வாக்குப் போட்ட பிறகு யாரிடம் கேட்பது?

படிப்பு வட்டங்களுக்கான பாடம்



ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு மாலைப் பொழுதில் படிப்பு வட்டம் கூடியது. பெண்கள் சிலர் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. "அரசாங்கம் என்றால் யார்?" என்று நாம் கேட்டோம். ஒரு பெரியவர் யோசிக்காமலே, "வேற யாரு, தொரதான்" என்றார். பக்கத்திலிருந்தவர், "எங்க சங்கத்துத் தலைவரு" என்றார். பாடசாலைப் பிள்ளை ஒன்று, "ஜனாதிபதி" என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாய், "ஜீ.எஸ். ஐயாதாங்க. அவரு கையெழுத்து வெச்சாத்தானே எதுவும் நடக்குது" என்றாள்.

நான்கு பதிலிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பிரதேச சபை என்று ஒருவரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அந்தத் தோட்டத்திலிருந்து சபைக் கட்டடம் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே கூடியிருந்தவர்களில் பெரும்பாலானோர் சபைத் தேர்தலில் வாக்களித்தவர்கள். வாக்குப் போட்ட இடத்தை ஏன் மறந்துவிட்டார்கள்? இந்தப் பாடத்தில் அதைத்தான் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

இதை வாசிப்பவர்களில் பலர் 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் மலையை விட்டிறங்கி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். வேறு சிலர் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மண்சரிவில் லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்தவர்கள். இரு சாராருக்கும் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. இடம்பெயர்ந்த மறுநாளே, "உங்கள் பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது?" என்று யாரோ கேட்பார்கள். அரசியல் எமக்கு வேண்டாம் என்று சொல்கிறவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

வாக்கு வந்ததும் போனதும்

இலங்கையில் 21 வயதான எல்லோருக்கும் வாக்கு என்ற டொனமூர் ஏற்பாடு 1931இல் வந்தது. தோட்ட மக்களுக்கு அது முழுதாகக் கிடைக்கவில்லை. இங்கே நிலையாகக் குடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் போடப்பட்டன. அப்படியிருந்தும் 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களில் இருவர். மற்றத் தொகுதிகள் பலவற்றிலும் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிக் கட்சிகளுக்குக் கைகொடுத்தது. அதுவே அன்றைய ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றாயிற்று. தோட்டங்களில் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத காலம் அது. பாட்டனுடைய பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? கொழும்பிலிருந்த பெரிய குடும்பங்களிடமே அது இருந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோருக்கான தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றானது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பதியப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத்திலிருந்து தோட்ட மக்களின் பிரதிநிதியாக ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அவ்வாண்டு சத்தியாக்கிரகமும் நடந்தது. பலன் கிடைக்கவில்லை.

பிறகு நடந்தது உங்கள் வீட்டுக் கதை. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏறினான், தம்பி இங்கேயே நின்றான். மேசையின் இருபுறமும் இருந்தவர்கள் எம்மைக் கேட்டு எதையும் முடிவு செய்யவில்லை. 1986, 1988 ஆண்டுகளின் சட்டங்களாலும் இறுதியாக 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும்தான் நாடற்றவர் என்ற பெயர் நீங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1948இலிருந்து 2003 வரை 55 ஆண்டுகள். ஒரு மனிதன் கொழுந்து எடுக்கத் தொடங்கி ஓய்வு பெறும் காலத்துக்கும் அது அதிகம்.

இந்த நீண்ட காலத்தில் மக்கள் சும்மா இருக்கவில்லை. பாராளுமன்றத்தில் ஆள் இல்லாதபோது தொழிற்சங்கமே பாராளுமன்றமாகியது. தோட்டத் தலைவர் எம்.பி. செய்யவேண்டிய வேலையைச் செய்தார். மாவட்டப் பிரதிநிதி வழக்கறிஞரும் ஆனார். கல்யாண வீட்டுத் தகராறும் சங்க ஆபீசுக்கே வந்தது. சந்தாப் பணம் செக்ரோலில் பிடிபட்டது. சங்கத்தை விட்டால் நாதியில்லை என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியிலிருந்து தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் போனபோது லயங்களில் வெடி கொளுத்தியவர்களை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று இன்றும் எம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரிமையாகக் கேட்க வேண்டியதைத் தலைவரிடம் சலுகையாகக் கேட்கிறோம். கூரைத் தகடு வந்தால் நன்றி சொல்கிறோம். வராவிட்டால் வாய்க்குள் முணுமுணுக்கிறோம். எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், யாருக்குப் போனது என்று கேட்பதில்லை.

வாக்கு உண்டு, சபையின் மண்வெட்டி வராது

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாயின. வீதி, குடிநீர், விளக்கு, சுடுகாடு, நூலகம், குப்பை அள்ளுதல் எல்லாம் சபையின் வேலை. தோட்ட மக்களும் வாக்களித்தார்கள். எமது பிள்ளைகள் சிலர் உறுப்பினர்களாகவும் வந்தார்கள். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தோட்டத்துக்குள் இருக்கும் வீதி தோட்டத்துக்குச் சொந்தம். பொது மக்களின் பணத்தை அங்கே செலவிட முடியாது என்று சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டினார்கள். உறுப்பினர் தோட்டத்து வாக்கில் வெல்வார், ஆனால் தோட்டத்து வடிகானுக்கு ஒரு மூடை சீமெந்து கொடுக்க அவரால் முடியாது. கேட்டால் கணக்காய்வில் பிடிப்பார்கள் என்பார்.

இதிலே இன்னொரு வேடிக்கை. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பின்னர் நீண்ட காலக் குத்தகையாயிற்று. மண் அரசாங்கத்தினுடையது. அந்த மண்ணில் வசிப்பவர்கள் பிரஜைகள். அப்படியிருந்தும் அரசாங்கத்தின் கீழ் இயங்கும் சபை உள்ளே வர முடியாது என்றால், நடுவில் நிற்பது யார்? படிப்பு வட்டத்தில் இதைக் கேட்டபோது வெகு நேரம் பேச்சு நடந்தது.

இந்த வேலி 1987இல் புதிதாகப் போட்டதல்ல. 1930களின் இறுதியில் கிராம சபைகளுக்கான சட்டத்தைத் திருத்தியபோதே, தோட்டத்தில் வசிக்கும் இந்தியத் தொழிலாளருக்கு அச்சபைத் தேர்தலில் வாக்கில்லை என்று ஒதுக்கினார்கள். அன்று வாக்கே இல்லை. பின்னர் வாக்கு வந்தது, வேலை வரவில்லை.

2018இல் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்ட நிருவாகத்தோடு கலந்து பேசித் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் சேவை செய்ய வழி திறந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன், நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பெரிய சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய இடங்களுக்குத் தனிச் சபைகள் வந்தன. இவை சிறிய மாற்றங்கள் அல்ல. பல ஆண்டுகள் மனுவும் கூட்டமும் நடத்திய பிறகே கிடைத்தவை. ஆனால் எமது வட்டங்களில் இதை அறிந்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். சட்டம் திருந்தி ஆண்டுகள் கடந்தபின்னும், "அது தோட்டத்து ரோட்டுங்க, நம்ம செய்ய ஏலாது" என்று பழைய பதிலையே ஒரு சபையில் எம்மிடம் சொன்னார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. நாம் பிரதி எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனபோதுதான் எம்மை உட்காரச் சொன்னார்.

சனம் என்ன நினைக்கிறது?

"எவன் வந்தாலும் நமக்கு மலைதான்" என்ற பேச்சை எங்கும் கேட்கலாம். அதைச் சலிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்வது சரியல்ல. 2024 செப்டெம்பர் 21ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் சஜித் பிரேமதாச. இரண்டு மாதங்கூடச் செல்லவில்லை. நவம்பர் 14ஆந் திகதி பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. பழைய மலையகக் கட்சிகளின் தலைவர்களும் தோற்கவில்லை. ஐக்கிய மக்கள் சக்தியில் இருவரும் யானைச் சின்னத்தில் ஒருவருமாகத் தெரிவானார்கள். அதே தேர்தலில் நுவரெலியாவிலும் பதுளையிலும் மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். சங்கம் காட்டிய சின்னத்துக்கு மட்டுமே குத்துவார்கள் என்று எம்மைப் பற்றிச் சொல்லும் பேச்சு இனி எடுபடாது. ஒரே வீட்டில் தாய் ஒரு சின்னத்துக்கும் மகள் வேறு சின்னத்துக்கும் போட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்ன குடும்பங்கள் உண்டு.

எந்தக் கட்சி நல்லது என்று சொல்ல இந்தப் பக்கம் இல்லை. நாம் கவனித்ததை மட்டும் சொல்கிறோம். தேர்தல் காலத்தில் எமது சனம் பேசுவது பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றி. அது நியாயமே. ஆயிரம் ரூபா நாட்கூலி என்ற கோரிக்கை 2021 வரை இழுபட்டது. 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானியில் போட்டார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. அடுப்பெரிவது அந்தப் பணத்தில்தான், ஆகவே அதைப் பேசாமலிருக்க முடியாது. ஆனால் நாட்கூலியைத் தவிர மற்றதெல்லாம் அரசியலுக்குள் வராதது போல் விட்டுவிடுகிறோம். கர்ப்பிணியைச் சுமந்து வந்த பாதை, பெயர் மாறிப் பிறர் கைக்குப் போன கடிதம், தமிழில் நிரப்பிய படிவத்தைத் திருப்பித் தந்த கவுண்டர், இவையும் பொதுச் சேவைதான். தமிழும் ஆட்சிமொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் அதை நிருவாகத்துக்கு விரித்தது. தமிழில் விண்ணப்பிப்பது தயவு கேட்பதல்ல.

கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்துக்கு இலக்கமில்லாத தோட்டங்களில் எல்லாக் கடிதமும் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வரும். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் எந்தப் பெயருக்கு வந்ததென்று யாருக்குத் தெரியும்? நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் திகதி முடிந்த பிறகு கிடைத்த பிள்ளையை எமக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அடுத்த முறை விண்ணப்பிக்கவேயில்லை. சொந்த விலாசம் என்பதும் குடியுரிமையின் ஒரு பகுதி என்று நாம் நினைக்கிறோம். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்கள் முதலில் பெருமையாகச் சொல்வது கூரையைப் பற்றியல்ல, வாசலில் எழுதிய இலக்கத்தைப் பற்றி.

இடம்பெயர்ந்தவர் கையில் என்ன காகிதம்?

மண்சரிவுக்குப் பின் முகாமில் இருந்த ஒரு விவசாயி எம்மிடம் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. தோட்டத்துத் தரிசு நிலத்தில் இருபது வருடமாக லீக்ஸும் கோவாவும் உருளைக்கிழங்கும் போட்டவர். மழையில் எல்லாம் போயிற்று. நட்டஈட்டுக்குப் பதியப் போனபோது, காணிக்குக் காகிதம் கேட்டார்கள். "இருபது வருசமா தண்ணி ஊத்துனதுக்கு எந்த ஆபீஸ்ல ரசீது குடுப்பாங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எம்மால் முடியவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் போன்ற இடங்களில் குடியேறிய எமது உறவுகளுக்கும் இது புதிதல்ல. காடு வெட்டியவர் ஒருவர், காணியின் பெர்மிட் வேறொருவர் பெயரில், அல்லது பெர்மிட்டே இல்லை.

காணி உரிமை இந்த ஒரு பாடத்தில் தீராது. ஆனால் இப்போதே செய்யக் கூடியவை உண்டு. காணிக்கு உறுதி இல்லாவிட்டாலும், எத்தனை ஆண்டாகப் பயிர் செய்கிறீர்கள், எல்லைகள் எவை, என்ன பயிர், மண்சரிவில் எவ்வளவு அழிந்தது என்பவற்றை எழுதி, அயலவர் இருவரின் கையெழுத்தோடு கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். ஒரு பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த கடிதம் மறுக்கப்பட்டாலும், கொடுத்தீர்கள் என்பதற்குச் சான்று இருக்கும். அடுத்த ஆண்டு வேறொரு உத்தியோகத்தர் வருவார். அவருக்கு உங்கள் கதை தெரியாது, காகிதம்தான் தெரியும்.

வாக்காளர் இடாப்பையும் பார்க்க வேண்டும். முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருப்பவர், பெயர் பழைய இடத்தில் இருக்கிறதா, வெட்டப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும். இடாப்பு திருத்தப்படும்போது பிரதிகளைப் பொது இடங்களில் பார்வைக்கு வைப்பார்கள். விடுபட்டவர் கோரிக்கை கொடுக்கலாம். வடக்கு கிழக்கில் போரால் இடம்பெயர்ந்தவர்கள் தம் பழைய ஊரிலேயே பதிந்துகொள்ள 2013இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவரப்பட்டது. இடம்பெயர்ந்தவனுக்கு வாக்குப் போய்விடக் கூடாது என்ற நியாயத்தைப் பாராளுமன்றம் ஒருமுறை ஏற்றிருக்கிறது என்பதை நினைவில் வைப்போம். வெள்ளத்திலும் மண்சரிவிலும் இடம்பெயர்ந்தவருக்கும் அதைக் கேட்கலாம்.

இனி, கேட்கும் விதம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்த அரச அலுவலகத்திலும், பிரதேச சபையிலும்கூட, ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவல் ஆணைக்குழு.

கோபத்தில் எழுதினால் வேலை நடக்காது. "எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்" என்று எழுதினால் பதிலே வராது. கேள்வி சிறிதாகவும் குறிப்பாகவும் இருக்கட்டும். "எமது தோட்டத்தின் மேற்பிரிவு வீதிக்கு 2025ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு? செலவான தொகை எவ்வளவு? வேலையை ஒப்புக்கொண்டவர் யார்? முடிக்க வேண்டிய திகதி எது?" என்று நாலு வரி போதும். ஒரு வட்டம் இப்படிக் கேட்டு, பணமே ஒதுக்கவில்லை என்ற பதிலைப் பெற்றது. தோல்வி என்று சிலர் சொன்னார்கள். ஆனால் வீதிக்குக் காசு வந்தது, யாரோ தின்றுவிட்டார்கள் என்று மூன்று வருடமாக ஒருவரையொருவர் சந்தேகித்த சனம் அன்றோடு அந்தச் சண்டையை விட்டது. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் மனுக் கொடுத்தார்கள்.

நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் உங்களில் பலருக்கு உறவினர் இருப்பார்கள். இங்கிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அந்த நாட்டில் 1990களின் சட்டத் திருத்தத்துக்குப் பின் கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூட்டுகிறார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, ஒக்டோபர் 2 போன்ற நாட்களில் ஊர்ச்சனம் எல்லோரும் வந்து வரவு செலவைக் கேட்கலாம். எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடக்கிறதென்று சொல்வதற்கில்லை. கையெழுத்து வாங்கிக் கலைந்துவிடுவதும் உண்டு. ஆனாலும் கேட்பதற்கு ஒரு நாளும் இடமும் குறித்திருக்கிறது. எமது பிரதேச சபைச் சட்டத்திலும் சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளைச் சேர்க்க இடமுண்டு. எமது தோட்டங்களிலிருந்து யாராவது அப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று உங்கள் உறுப்பினரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பெயர் தெரியாதென்றால், அதைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

வட்டத்தில் பேச

இந்தப் பாடத்தை வாசித்த பின் அரை மணி நேரமாவது பேசுங்கள். உங்கள் குடும்பத்தில் முதலில் வாக்களித்தவர் யார், எந்த ஆண்டு? உங்கள் பாட்டிக்கு எந்த ஆண்டில் பிரஜாவுரிமைக் காகிதம் வந்தது? கடைசியாக ஒரு அரச அலுவலகத்துக்குப் போனபோது தனியாகப் போனீர்களா, தலைவரைக் கூட்டிக்கொண்டு போனீர்களா, ஏன்? பெண்கள் முதலில் பேசட்டும். ஆண்கள் பேசத் தொடங்கினால் அவர்களுக்கு முறை வராது என்பது எமது அனுபவம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கலியாணச் சான்றிதழ், காணி சம்பந்தமாக உள்ள எந்தத் துண்டுக் காகிதமானாலும் எடுத்து வரவும். மழையில் நனைந்தவற்றை ஒட்டவோ கிழிக்கவோ வேண்டாம். பழைய பத்திரிகைத் தாளுக்கிடையில் வைத்து அப்படியே கொண்டு வாருங்கள். காகிதம் ஒன்றும் மிஞ்சாதவர்கள் பெயரையும், பிறந்த தோட்டத்தையும் பிரிவையும், நினைவிலிருக்கும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி வந்தால், எந்தப் பதிவாளரிடம் பிரதி கேட்பதென்று சேர்ந்து பார்ப்போம்.